தபால்பெட்டியில் தந்தையின் பெயர்

ஐரோப்பாவின் மத்தியில் ஒன்பது தேசங்களை எல்லையாகக் கொண்டிருக்கும் ஜெர்மனிக்கு உயர்கல்வியை நாடிச் செல்லும் அந்நிய மாணவர்களுள் முதலிடம் நெடுங்காலமாகச் சீனருக்கே உரியதாக இருந்துவந்தது. 2022-23ஆம் ஆண்டின் குளிர்காலப் பருவத்தில் அந்த இடம் இந்தியருக்கு வந்து சேர்ந்தது. மறு ஆண்டு கணக்கெடுத்தபோது அங்கே பயிலும் இந்தியர் 49,483 பேர். கோயம்புத்தூரிலும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் பொறியியல் முடித்துவிட்டு, ஒரு பெட்டியில் துணிமணியும் மற்றொரு பெட்டியில் பிரஷர் குக்கரும் சாம்பார்ப் பொடியுமாக விமானம் ஏறிய நம் பிள்ளைகள் பலர் அந்தத் தொகையில் அடங்குவர் என்பதை, ஆகன், மாக்டபுர்க், கெம்னிட்ஸ், ஷ்டுட்கார்ட், டார்ம்ஷ்டாட் முதலிய நகரங்களின் மாணவர் விடுதிகளில் மாலை வேளையில் சமையலறைப் பக்கம் போகிற எவரும் தாளிப்பு வாசனையைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

அவர்கள் அந்தத் தேசத்தைத் தேர்ந்தெடுப்பதற்குரிய முதற் காரணம் வெளிப்படையானது. ஜெர்மனியின் அரசாங்க சர்வகலாசாலைகளிற் பெரும்பாலானவை மாணவரிடம் படிப்புக்கென்று சம்பளம் வாங்குவதில்லை. சுதேச மாணவருக்கு எப்படியோ, நம்மவருக்கும் அப்படியே. 2006ஆம் ஆண்டு முதல் சில மாநிலங்கள் பருவத்துக்கு 500 யூரோ என்று விதித்துப் பார்த்தன. ஆனால் மாணவரும் பெற்றோரும் காட்டிய எதிர்ப்பின் முன் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டு, கடைசியாக 2014இல் நீடர்ஸாக்ஸன் மாநிலமும் விலக்கிக்கொண்டது. கல்வி என்பது சமூகம் தன் இளைஞருக்குச் செய்யும் கடமை என்ற கொள்கையை இவ்வளவு உறுதியாகப் பற்றி நிற்கும் தேசங்கள் உலகில் மிகச் சில என்பதை நாம் நன்றியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். விலக்குகளும் உண்டு. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ பெறுகிறது. மியூனிக் தொழில்நுட்ப சர்வகலாசாலையும் 2024 முதல் அத்தகையோரிடம் முதுநிலைப் படிப்புக்குப் பருவமொன்றுக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை விதித்திருக்கிறது.

சம்பளம் இல்லை என்பதனால் செலவும் இல்லை, சிரமமும் இல்லை என்று எண்ணிப் புறப்படுவோரைக் குறித்தே இக்கட்டுரையில் சற்று விஸ்தாரமாக எழுத விரும்புகிறேன். பணத்துக்குப் பதிலாக அந்தத் தேசம் வேறு இரண்டை நம்மிடம் எதிர்பார்க்கிறது: ஒன்று பத்திரம், மற்றொன்று பாஷை. முதலாவதை நம் பிள்ளைகள் எவ்வாறேனும் திரட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். இரண்டாவதைத்தான் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அதன் பலனை இரண்டு மூன்று வருஷம் கழித்து, பட்டமும் கையுமாக வேலை தேடும் நாளில் அனுபவிக்கிறார்கள்.

பத்திரங்களின் யாத்திரை இங்கேயே தொடங்குகிறது. 2022 நவம்பர் 1 முதல், மாணவர் விசா கோரும் இந்தியர் புதுதில்லியிலுள்ள ஏபிஎஸ் நிலையத்தில் தம் மதிப்பெண் பட்டியல்களையும் பட்டங்களையும் சரிபார்க்கச் செய்து அத்தாட்சிப் பத்திரம் பெற்றாக வேண்டும். அதன் பின் விண்ணப்பம். பல சர்வகலாசாலைகளுக்கு அது உனி-அசிஸ்ட் என்ற பொது நிலையத்தின் வழியே செல்லும். இடம் கிடைத்தபின் பிளாக்டு அக்கவுண்ட் என்று மாணவர் சொல்லும் முடக்கக் கணக்கு. ஒரு வருஷ ஜீவனத்துக்கு வேண்டிய 11,904 யூரோவை, அதாவது பதினொரு லட்ச ரூபாய்க்குக் குறையாத தொகையை, முன்கூட்டியே அதில் போட்டுவைத்தால், அங்கே சென்றபின் மாதத்துக்கு 992 யூரோ வீதம் மாணவன் கைக்கு வரும். 2024 செப்டம்பரிலிருந்து இதுவே அளவு. நடுத்தரக் குடும்பமொன்று இந்தத் தொகையை எங்கிருந்து எடுக்கும் என்பதை நம் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வங்கிக் கடனுக்கு வீட்டுப் பத்திரமும், போதாததற்குத் தாயாரின் வளையலும் அடகு போகின்றன. படிப்பு இலவசம் என்று ஊரில் சொல்லிக்கொள்ளும் அதே வீட்டில் வட்டிக் கணக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நம் நகரங்களில் வெளிநாட்டுக் கல்விக்கு வழிகாட்டுவதாகப் பலகை மாட்டியிருக்கும் தரகர்களிற் சிலர், அரசாங்க சர்வகலாசாலைகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை; ஏனெனில் அவை எவருக்கும் தரகு தருவதில்லை. வருஷத்துக்குப் பத்தாயிரம் யூரோவும் அதற்கு மேலும் வாங்கும் தனியார் கல்விச் சாலைகளின் பெயர்களையே முதலில் எடுத்து நீட்டுகிறார்கள். தனியார் என்பதனாலேயே ஒன்று தாழ்ந்ததாகிவிடாது. அரசாங்க அங்கீகாரம் பெற்றவையும் உண்டு. ஆயினும் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், அந்நிலையம் அத்தகைய அங்கீகாரம் பெற்றதுதானா என்று ஒருமுறை பார்த்துவிட்டாவது பணத்தைக் கட்டுவார்களாக. ஆங்கிலத்தில் நடத்தப்படும் படிப்புகளின் பட்டியலை, 1925இல் ஹைடல்பர்க் நகரில் தோன்றிய டாட் என்னும் கல்விப் பரிமாற்ற நிலையம் எவரும் காணும்படி வெளியிட்டிருக்கிறது. அதைப் பார்ப்பதற்குத் தரகர் வேண்டியதில்லை.

சென்று இறங்கிய முதல் வாரங்களின் சங்கடம் தனி வகையைச் சேர்ந்தது. வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் தன் விலாசத்தைப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். அன்மெல்டுங் என்று இதற்குப் பெயர். பதிவு செய்ய, வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்திட்ட அத்தாட்சி வேண்டும். பதிவு இல்லையேல் வரி எண் வராது, குடியிருப்பு அனுமதி நகராது. இவை ஒவ்வொன்றுக்கும் டெர்மின் எனப்படும் குறித்த நேரம் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். பெருநகரங்களில் அது கிடைப்பதற்கே வாரங்கள் ஆகும். வீடோ, வருமானச் சான்று இல்லாத, பாஷை தெரியாத, நேரில் வந்து பார்க்கவும் இயலாத ஒருவனுக்கு எளிதில் கிடைப்பதன்று. இந்த இக்கட்டை அறிந்துகொண்ட வஞ்சகர், இல்லாத வீட்டின் படங்களைக் காட்டி முன்பணம் அனுப்பச் சொல்லி ஏமாற்றுவது வருஷந்தோறும் நடக்கிறது. சாவியைக் கையில் வாங்காமல் ஒரு யூரோவும் அனுப்பலாகாது என்பதை விதியாகவே கொள்ள வேண்டும். ஷ்டுடியரெண்டன்வெர்க் என்ற மாணவர் நலச் சங்கங்களின் விடுதிகளே நம்மவருக்கு உற்ற இடம். கெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற கிழக்குப் பகுதி நகரங்களில் 300 யூரோவுக்குள் அறை கிடைப்பதும், அதனாலேயே நம் மாணவர் அங்கே திரளுவதும் உண்டு. 1953 முதல் 1990 வரை கார்ல் மார்க்ஸ் நகரம் என்று பெயர் பூண்டிருந்த அந்தக் கெம்னிட்ஸில், ஏழு மீட்டர் உயரமுள்ள மார்க்ஸின் வெண்கலத் தலையின் முன் நின்று நம் பிள்ளைகள் வீட்டுக்குப் படம் எடுத்து அனுப்புகிறார்கள்.

பதிவு அலுவலகத்தின் மேஜைக்கு எதிரே அமர்ந்ததும் தமிழ் மாணவருக்கென்றே காத்திருக்கும் ஒரு பிரச்சினை தலைகாட்டுகிறது. நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமில்லை. நம் பெயருக்கு முன்னே நிற்பது தந்தையின் பெயரின் முதல் எழுத்து. சாதிப் பெயரை வாலாக ஒட்டிக்கொள்ளும் வழக்கத்தை இரண்டு தலைமுறைக்கு முன்பே உதறிய சமூகம் நம்முடையது என்பதில் எனக்குப் பெருமையே உண்டு. ஆனால் ஜெர்மானிய அலுவலகத்தின் எந்தப் படிவமும் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் நகராது. பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதியிருப்போர் பிழைத்தார்கள். கட்டத்தை வெறுமையாக விட்டு வந்தவர்கள், வங்கியில் ஒரு விதமாகவும் இன்ஷூரன்ஸில் வேறு விதமாகவும் பதிவாகி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க மாதக்கணக்கில் கடிதம் எழுதுகிறார்கள். ஆகவே ஊரில் தன் பெயரால் மட்டுமே அறியப்பட்ட பெண், அங்கே வகுப்பிலும் வைத்தியசாலையிலும் தன் தந்தையின் பெயரால் அழைக்கப்படுகிறாள். முதல் சில நாட்கள், அழைப்பது தன்னைத்தான் என்று தெரியாமல் நாற்காலியிலேயே அமர்ந்திருக்கிறாள்.

இது இவ்வளவோடு நிற்பதில்லை. அந்நாட்டு அடுக்குமாடிக் கட்டடங்களில் பொதுவாக வீட்டு எண் என்பது கிடையாது. தெரு எண்ணும் தபால்பெட்டியின் மேல் ஒட்டிய பெயருமே விலாசம். பெயர் ஒட்டப்படாத பெட்டியில் தபால்காரர் கடிதத்தைப் போடுவதில்லை, அனுப்பியவருக்கே திருப்பிவிடுகிறார். வரி எண்ணும், வங்கி அட்டையின் ரகசிய எண்ணும், இன்ஷூரன்ஸ் அட்டையும், குடியிருப்பு அனுமதியைப் பற்றிய அறிவிப்பும் இன்றுவரை கடிதமாகவே வரும் தேசம் அது. எனவே பெட்டியில் பெயர் ஒட்டுவதே குடிபுகுதலின் முதற் சடங்காகிறது. விடுதியின் கீழ்த்தளத்தில், வரிசையாகச் சுவரில் பதித்த தகரப் பெட்டிகளின் மீது, போலந்துப் பெயர்களுக்கும் துருக்கிப் பெயர்களுக்கும் நடுவே, அரை அங்குலத் துண்டுக் காகிதத்தில் லத்தீன் எழுத்தில் ஒரு சுப்பிரமணியனோ பெரியசாமியோ தோன்றுகிறார். தம் தாலுக்காவைத் தாண்டிப் பிரயாணம் செய்தறியாத ஒரு விவசாயியின் பெயர் ஸாக்ஸனி மாநிலத்தில் ஒரு தபால்பெட்டியின் மேல் இவ்விதம் இடம் பெறுகிறது.

குளிரைப் பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். அது உடையால் தீரும் பிரச்சினை. இருட்டைப் பற்றி எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. டிசம்பர் மாதத்தின் பிற்பாதியில் பெர்லினில் சூரியன் காலை எட்டேகாலுக்கு உதித்து மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். மேகம் மூடிய நாட்களில் அதுவும் தெரியாது. வெயிலை வேண்டாத பொருளாகவே எண்ணி வளர்ந்த நம் பிள்ளைகள், வாரக்கணக்கில் வெளிச்சமின்றி அறைக்குள் இருக்கும்போது மனச்சோர்வுக்கு ஆளாவது இயற்கை. ஞாயிற்றுக்கிழமையோ, கடைகள் அடைத்திருக்கும். 1919இன் வைமார் அரசியல் சட்டத்திலேயே ஓய்வுக்கும் ஆன்ம உயர்வுக்கும் உரிய நாளென்று பாதுகாக்கப்பட்டு, இன்றைய அடிப்படைச் சட்டத்திலும் தொடரும் நாள் அது. அந்த மௌனமான நாளில், ஊரில் அண்ணன் தங்கையெல்லாம் கூடியிருக்கும் படம் கைப்பேசியில் வந்து விழும்போதுதான் தனிமை முழு உருவோடு எதிரே நிற்கிறது. “எல்லாம் நல்லா இருக்கும்மா, சாப்பிட்டாச்சு” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைக்கும் பிள்ளையின் குரலில் ஒளிந்திருப்பதை எந்தத் தாயாரும் கண்டுகொள்வார். ஆனால் எண்ணாயிரம் கிலோமீட்டருக்கு இப்பாலிருந்து அவர் செய்யக்கூடியது என்ன இருக்கிறது? மாணவர் நலச் சங்கங்கள் பலவற்றில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கட்டணமில்லை, ஆங்கிலத்திலும் பேசலாம். அவர்களிடம் செல்வதை அவமானமாக எண்ணும் நம் வழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுச் செல்வது நல்லது.

வீட்டு ஒழுங்குகள் வேறு. மழைக்காலத்து ஈரத்தைப் போலச் சமையல் ஆவி சுவரிலே தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும் என்பதனால், பனி கொட்டும் நாளிலும் ஜன்னலை முழுக்கத் திறந்து ஐந்து பத்து நிமிஷம் காற்று விட வேண்டும் என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். செய்யத் தவறினால் முன்பணத்தில் பிடித்தம் ஆகும். இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது. காகிதத்துக்கு ஒரு தொட்டி, பிளாஸ்டிக் உறைகளுக்கு மஞ்சள் தொட்டி, காய்கறிக் கழிவுக்கு ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று. வெறும் தண்ணீர்ப் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கைக்கு வரும். ஒரு மாதத்தில் இவையெல்லாம் பழகிவிடும்.

பழகுவதற்கு அதிகக் காலம் ஆவது படிப்பு முறையே. நம் கல்லூரிகளில் உள்மதிப்பீடு, மாதாந்தரத் தேர்வு, வருகைப் பதிவு என்று யாரோ ஒருவர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறார். அங்கே தள்ளுவாரில்லை. விரிவுரைக்கு வராதவனை எவரும் கேட்பதில்லை; பருவத்தின் முடிவில் ஒரே தேர்வு, அதற்கும் குறித்த தேதிக்குள் தானே பெயர் கொடுத்திருக்க வேண்டும். மதிப்பெண் 1.0 என்றால் உச்சம், 4.0 என்றால் தேறியது, 5.0 என்றால் தோல்வி. பெரும்பாலான இடங்களில் ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதிலும் தோற்றால் அந்தப் படிப்பையே அந்நாட்டில் தொடரும் வாய்ப்பு அநேகமாக அடைபட்டுவிடும், விசாவும் ஆட்டம் காணும். நம் ஊரில் அரியர் என்ற சொல்லை இலேசாகச் சொல்லிப் பழகியவர்கள் இந்த விதியை முதல் வாரத்திலேயே வாசித்துவிட வேண்டும். கண்டிப்புக்கு ஈடாக நியாயமும் உண்டு. திருத்திய விடைத்தாளை நேரில் பார்த்து, எங்கே மதிப்பெண் குறைந்தது என்று பேராசிரியரிடமே கேட்கும் உரிமை ஒவ்வொரு மாணவனுக்கும் இருக்கிறது. விரிவுரை முடிந்ததும் மாணவர் அனைவரும் விரல் முட்டியால் மேஜையைத் தட்டி ஆசிரியரைப் பாராட்டுகிறார்கள்; அந்த ஓசையை முதன்முறை கேட்கும் நம் பிள்ளை திடுக்கிட்டு, மறு வாரம் தானும் தட்டுகிறான்.

ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் செல்வோரின் நிலை வேறு. அவர்களிற் பலர் சர்வகலாசாலையின் ஊழியராகவே நியமனம் பெற்று, சம்பளமும் ஓய்வூதியப் பங்கும் பெறுகிறார்கள். இக்கட்டுரை பெரிதும் முதுநிலை மாணவரைப் பற்றியது.

இனிப் பாஷைக்கு வருவோம். ஆங்கிலத்திலேயே நடத்தப்படும் முதுநிலைப் படிப்புகள் பெருகியிருப்பது நம் மாணவருக்குக் கதவைத் திறந்துவிட்டது உண்மை; அதே கதவு அவர்களை உள்ளே விட்டபின் ஒரு சிறிய அறையிலேயே அடைத்தும் வைத்துவிட்டது. வகுப்பில் ஆங்கிலம், விடுதியில் தமிழ், கடையில் சைகை என்று இரண்டு வருஷத்தைக் கழித்துவிட முடியும். ஆனால் வைத்தியரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் அம்மாளோடும், அந்நியர் அலுவலகத்தின் அதிகாரியோடும், வாடகைத் தகராற்றில் எதிரே நிற்கும் சொந்தக்காரரோடும் பேசுவதற்கு ஆங்கிலம் போதாது. படித்து முடித்தபின் வேலை தேடப் பதினெட்டு மாதம் அனுமதி தருகிறது அரசாங்கம். ஐரோப்பாவில் இது தாராளமான ஏற்பாடு. எனினும் பொறியியல் நிறுவனங்களிற் பெரும்பாலானவை, குறிப்பாகச் சிறு நகரங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் குடும்பத் தொழிற்சாலைகள், சரளமான ஜெர்மன் பேச்சை எதிர்பார்க்கின்றன. அந்தப் பதினெட்டு மாதத்தில் பாஷையையும் கற்று வேலையையும் தேடுவதென்பது பெரும் பாடு.

இதில் நமக்குப் பாடம் சொல்ல வேறெங்கும் போக வேண்டியதில்லை. 1706 ஜூலை 9ஆம் தேதி தரங்கம்பாடியில் வந்திறங்கிய பார்த்தலோமேயு சீகன்பால்க் என்ற ஜெர்மானியர், தமிழ் கற்பதற்குத் திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினார். வந்த எட்டே ஆண்டில் தமிழில் வேதாகமத்தின் ஒரு பகுதியை அச்சேற்றும் அளவுக்கு அவர் தேர்ந்துவிட்டார். 1714இல் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பிச் சென்றபோது உடன் சென்ற தமிழர் பீட்டர் மலையப்பன். சீகன்பால்க் லத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலே நகரில் வெளிவந்ததற்கு அந்தத் தமிழரின் துணை பெரிதும் காரணமாயிருந்தது. ஜெர்மானிய மண்ணில் தங்கி அறிவுப் பணியில் ஈடுபட்ட தமிழருள் முன்னோடி என்று அவரைச் சொல்லலாம். மாக்டபுர்கிலிருந்து ஹாலேக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பிரயாணந்தான். அங்குள்ள பிராங்கே கல்வி நிலையத்தின் ஆவணச் சாலையில் தமிழ் ஓலைச் சுவடிகள் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அந்நகரங்களில் பயிலும் நம் மாணவர் ஒரு விடுமுறை நாளிலேனும் சென்று பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்த நூற்றாண்டுக்கு அருகில் வந்தால் ராம் மனோகர் லோகியாவின் உதாரணம் இருக்கிறது. பெர்லினில் பேராசிரியர் வெர்னர் ஸோம்பார்ட்டைக் கண்டு ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிய லோகியாவிடம், தமக்கு ஆங்கிலம் தெரியாதென்று அவர் சொல்ல, மூன்று மாதம் கழித்து வருகிறேன் என்று விடைபெற்றுச் சென்று ஜெர்மன் கற்றுத் திரும்பினார் என்று அவருடைய சரித்திரத்தை எழுதியோர் கூறுவர். 1933இல் அவர் டாக்டர் பட்டத்தோடு தாய்நாடு திரும்பினார். அக்காலத்து இந்திய மாணவருக்கு ஆங்கில வகுப்பு என்ற வசதி இல்லை. அந்த வசதியின்மையே அவர்களை அந்தச் சமூகத்துக்குள் கொண்டு சேர்த்தது.

நம் மாணவர் சோம்பேறிகள் என்று நான் சொல்ல வரவில்லை. காலையில் வகுப்பு, மாலையில் பண்டகசாலையில் பெட்டி அடுக்குதல் அல்லது சைக்கிளில் உணவு கொண்டு சேர்த்தல், இரவில் வீட்டுப்பாடம் என்று உழைப்பவனுக்குப் பாஷை கற்க நேரம் ஏது? 2024 மார்ச் முதல் வருஷத்தில் 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. 2025இல் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. ஊரில் வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது அந்தக் கூலி கண்ணைக் கவர்வது நியாயமே. ஆயினும் பேராசிரியரின் கீழ் ஹிவி என்னும் உதவி மாணவராகச் சேர்வது எல்லா வகையிலும் மேல். அந்த வேலை நாட்கள் மேற்சொன்ன வரம்பில் கணக்கிடப்படுவதில்லை, செய்யும் வேலையும் படிப்போடு ஒட்டியதாக இருக்கும். வாடகையும், மாதம் 140 யூரோவுக்கு மேற்பட்ட இன்ஷூரன்ஸும் போக, 992 யூரோவில் மிஞ்சுவதைக் கொண்டு சிக்கனமாக வாழ முடியும்; மென்சா என்ற மாணவர் உணவுச் சாலையும், தானே சமைப்பதும் கைகொடுக்கும். முதல் பருவத்தில் கூலி வேலைக்கே போகாமல், அந்த மாலை நேரங்களைச் சர்வகலாசாலை நடத்தும் ஜெர்மன் வகுப்புக்குத் தருவது சாலச் சிறந்தது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கச் செல்லும் கடையில் நம் மாணவர் மற்றொரு தமிழுலகத்தைச் சந்திக்கிறார்கள். “தம்பி, நீங்கள் இந்தியாவோ? எந்த இடம்?” என்று கல்லாவிலிருந்து குரல் வருகிறது. “ஆமாங்க அண்ணா, ஈரோடு” என்று இவன் சொல்ல, இடியப்பத் தட்டும் அரிசி மாவும் இருக்கும் அலமாரியை அவர் காட்டுகிறார். அந்த அண்ணன் இந்தத் தேசத்துக்கு வந்த வழி எது என்பதை நம் பிள்ளைகள் கேட்டறிய வேண்டும். 1980களில், ஊர் பற்றி எரிந்தபோது, இலங்கைத் தமிழ் இளைஞர் பலர் மாஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்டு விமான நிலையத்தில் வந்திறங்கி, பிரீட்ரிக்ஷ்ட்ராஸ ரயில் நிலையத்தின் ஊடாக மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தார்கள். அந்த எல்லையைச் சர்வதேச எல்லையாக மேற்குத் தரப்பு ஒப்பாததால் தன் பக்கத்தில் பாஸ்போர்ட் சோதனை கிடையாது. 1985இல் இரு தரப்பும் பேசி, மேற்கொண்டு செல்ல விசா இல்லாத தமிழருக்கு அந்த வழி அடைக்கப்பட்டது. வந்து சேர்ந்தவர்களோ, வேலை செய்ய அனுமதியின்றி, குறித்த மாவட்டத்தை விட்டு வெளியேற உரிமையின்றி, பொது விடுதிகளில் வருஷக்கணக்காகக் காத்திருந்தார்கள். அவர்களிடம் முடக்கக் கணக்கும் இல்லை, அனுமதிக் கடிதமும் இல்லை. உணவு விடுதிகளின் பின்கட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டே ஜெர்மன் பேசக் கற்றுக்கொண்டார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு வாரந்தோறும் தமிழ்ப் பள்ளி நடத்தினார்கள்.

அவர்கள் எழுப்பியதுதான் ஹாம் நகரின் ஊன்ட்ரோப் பகுதியிலுள்ள ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம். 1989இல் ஒரு வீட்டின் நிலவறையில் வைத்து வணங்கப்பட்ட அம்பாளுக்கு, 2002 ஜூலையில் பதினேழு மீட்டர் உயர கோபுரத்தோடு கூடிய கோயில் கும்பாபிஷேகம் கண்டது. தொழிற்சாலைகள் சூழ்ந்த அந்தப் பிரதேசத்தில், வைகாசி ஆனி மாதங்களில் தேர் ஓடும் நாளன்று ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். காவடி எடுப்போரும் அங்கப்பிரதட்சிணம் செய்வோரும் தார்ச்சாலையில் நெருங்கிவர, ஜெர்மானியப் போலீஸார் போக்குவரத்தை ஒழுங்குசெய்கிறார்கள்; அருகிலுள்ள கப்பல் கால்வாயில் தீர்த்தவாரி நடைபெறுகிறது. பட்டுப் புடவைக்கு மேல் மழைக்கோட்டு அணிந்த பாட்டிமார், பேரப்பிள்ளைகளிடம் தமிழில் கேட்டு ஜெர்மனில் பதில் பெறுவதை அங்கே காணலாம்.

தமிழ்நாட்டு மாணவருக்கும் இந்த ஈழத் தமிழ்க் குடும்பங்களுக்கும் இடையே பழக்கம் கடைக் கல்லாவோடு நின்றுவிடுவது எனக்குப் பெரும் குறையாகத் தோன்றுகிறது. மாணவர் தமக்குள் ஒரு கைப்பேசிக் குழு வைத்துக்கொண்டு, ஏபிஎஸ் முதல் வாடகை வரை ஒருவருக்கொருவர் யோசனை கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதிற் பாதிக்கு, அந்தக் கடைக்கார அண்ணனின், அங்கேயே பிறந்து வக்கீலாகவோ வைத்தியராகவோ இருக்கும் மகள் ஐந்து நிமிஷத்தில் தெளிவான விடை சொல்லிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமையின் தனிமைக்கும் இதைவிட நல்ல மருந்து வேறு எது? அவர்களுடைய தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர் தேவை என்றும் இருக்கிறது; நம் மாணவருக்கு ஜெர்மன் பேசிப் பழக ஒரு வீடு தேவையாயிருக்கிறது.

இங்கே செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். சென்னை ஐ.ஐ.டி. 1959இல் மேற்கு ஜெர்மனியின் துணையால் எழுந்தது. அங்கிருந்து பேராசிரியர்களும் இயந்திரங்களும் வந்தன, இங்கிருந்து ஆசிரியர்கள் பயிற்சிக்குச் சென்றார்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாக இவ்வளவு நெருங்கிய தொடர்பு இருந்தும், ஆண்டுதோறும் மாணவரை அந்நாட்டுக்கு அனுப்பும் நம் பொறியியற் கல்லூரிகளிற் பலவற்றில் ஜெர்மன் பாடம் என்பது ஓர் ஓரத்துச் சான்றிதழ் வகுப்பாகவே இருக்கிறது. குளிர்காலப் பருவத்துக்கு விண்ணப்பிக்கப் பல சர்வகலாசாலைகளில் கடைசி நாள் ஜூலை 15. நான்காம் ஆண்டின் இறுதியில் விழித்துக்கொள்பவனுக்கு ஏபிஎஸ்ஸுக்கும் விசாவுக்கும் ஓடவே நேரம் சரியாகிவிடுகிறது. ஜெர்மன் பாஷையில் பூஜ்யத்திலிருந்து பி1 எனப்படும் நடுத்தரத் தேர்ச்சிப் படியை எட்ட, முக்கால் மணி நேரப் பாடவேளைகள் குறைந்தது 350 வேண்டும் என்பது கோதே நிலையத்தின் கணக்கு. மூன்றாம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து வாரத்துக்கு ஐந்து பாடவேளை ஒதுக்கினால் இரண்டு ஆண்டுகளில் அது நிறைவேறும். பெற்றோர் கல்லூரி நிர்வாகத்தைக் கேட்டு வாங்க வேண்டியது அந்த ஐந்து பாடவேளைகளை.